நீல டின்னுக்குள் கடுகு

மூடி ‘டப்’ என்று திறந்தது. கெர்பாவ் ரோட்டுப் பாக்கியம் அக்கா டின்னுக்குள் விரல் விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, காய்ந்துகொண்டிருந்த எண்ணெயில் போட்டார். படபடவென்று வெடித்தது.

கடுகு.

வெயிலில் வந்தவனுக்கு மோர் தாளித்துக் கொடுக்கிறேன் என்று என்னை உட்கார வைத்திருந்தார். கறிவேப்பிலை வாசம் அந்தச் சின்னத் தடுப்பறை முழுக்கப் பரவியது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு ‘வேலை போச்சு’ என்று நினைத்தவன் சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏனென்றால் அது கடுகு டின் இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் ஒரு சத்துமாவின் டின். வெந்நீரிலோ பாலிலோ கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. பெயரைச் சொல்வது தொழில் மரியாதை இல்லை என்பதால் நீல டின் என்றே எழுதுகிறேன். அந்த நீல டின் கெர்பாவ் ரோட்டுத் தமிழர் வீடுகளில் எத்தனை இருக்கிறது என்று அதற்கு முந்தின வாரம்தான் வீடு வீடாக எண்ணி, அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன்.

எண்ணியது சரி. ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவன் இல்லை

நடுவே ஒரு விளக்கம். இந்தத் தொடரைப் படிக்கும் ஜாலான் புசார் வாசகர் ஒருவர், “விளம்பரக் கம்பெனி என்கிறீர்கள், போஸ்டர் ஒட்டும் வேலையா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னொருவர், முப்பது வயதுகூட ஆகாதவருக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்கிறார். இரண்டாவது கேள்வியை இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்குச் சொல்கிறேன். ஒரு சோப்போ, பல்பொடியோ, சத்துமாவோ கடைக்கு வருகிறது. அதை யார் வாங்குவார்கள், எதற்காக வாங்குவார்கள், எந்தப் பெயரையும் எந்தப் படத்தையும் பார்த்தால் கை அதன் பக்கம் போகும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வேண்டும். ஒரு சரக்குக்கு முகமும் குணமும் உண்டாக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் ஒட்டுவது அதற்கெல்லாம் பிறகு.

ராபின்சன் ரோட்டில் மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தது இந்த வேலைக்கு இல்லை. ஆங்கில விளம்பரத்தைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளனாகத்தான். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசிக்கிறவர்களைப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். புதிதாக ஒன்று தெரிய வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். புத்தகம்.

அப்பாவின் பயம்

ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் செங்கல் கட்டடத்தில் நூலகம் திறந்த புதிது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். உள்ளே நுழைந்தால் மெழுகு பூசிய தரையின் வாசமும் மேலே மின்விசிறி சுற்றும் சத்தமும்தான். யாரும் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று அதட்ட மாட்டார்கள். கையில் ஓர் அட்டை. அந்த அட்டையில் என் பெயர். அதைக் காட்டினால் யாரோ ஓர் அமெரிக்கப் பேராசிரியர் ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவை என்னிடம் நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு அது நம்ப முடியாத தாராளம்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாதிப் பக்கம், திரும்பும்போது பாதிப் பக்கம். புரியாத சொல்லை உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு போய் ஆபிஸ் அகராதியில் பார்ப்பேன். வியர்த்தால் சொல் அழிந்துவிடும். அப்படி அழிந்துபோன சொற்கள் இன்னும் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இதெல்லாம் பெரிய பயம். அவர் நகராட்சியில் ரோடு கூட்டுகிறவர். வேலையாட்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட நகராட்சி லயனில்தான் எங்களுக்கு வீடு.

“பரீட்சைதான் பாஸாயிட்டியே, இன்னும் என்னடா படிப்பு?” என்பார்.

“வேலைக்காகப் படிக்கிறேம்ப்பா.”

“அதான் கேக்குறேன். வேலை தெரிஞ்சவன்னு நினைச்சுத்தானே துரை உன்னை வெச்சிருக்காரு? நீ உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா, ‘அடடே, இவனுக்கு ஒண்ணும் தெரியாது போலிருக்கே’ன்னு நினைக்க மாட்டாரா? அந்த பொஸ்தகத்த அவரு கண்ணுல காட்டாதே.”

அப்பா சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளால் அட்டை போட்டுத்தான் ஆபிசுக்கு எடுத்துப் போவேன். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் மிஸ் லிம், நான் ஏதோ சாமி புத்தகம் படிக்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியைப் பார்

அப்படிப் படித்த ஒரு தடித்த புத்தகம், வீடு வீடாகப் போய் விசாரிப்பது எப்படி என்பதைப் பற்றியது. ஓர் அத்தியாயம் என்னை மயக்கிவிட்டது. ஜனங்கள் வாயால் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாதாம். கௌரவத்துக்காக எதையும் சொல்வார்களாம். அதனால் சமையலறை அலமாரியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். அலமாரியில் இருப்பதுதான் உண்மையாம்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டேன்.

அதே மாதம் நீல டின் கம்பெனிக்காரர்கள், தமிழர்கள் மத்தியில் தங்கள் சரக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். எங்கள் மேனேஜர் மிஸ்டர் ஹார்வி ஆங்கிலேயர். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். நான் தைரியமாக அவர் அறைக்குள் போய், விசாரிக்கும் முறை எனக்குத் தெரியும், என்னை அனுப்புங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்பா பேச்சை மீறி, புத்தகம் படித்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர், “போய்ப் பாருங்கள், மிஸ்டர் மணியம்,” என்றார்.

கழுத்தில் டை, கையில் அட்டைப் பலகை, அதில் செருகிய தாள்களோடு கெர்பாவ் ரோட்டில் ஏறி இறங்கினேன். “உங்கள் பிள்ளைகள் என்ன குடிப்பார்கள்?” என்று கேட்பேன். நீல டின் பெயரையும் சொல்வார்கள். உடனே புத்தகம் சொன்னபடி, “டின்னைப் பார்க்கலாமா?” என்பேன். மாடத்தில் முன்வரிசையில், துடைத்துப் பளபளவென்று, பெயர் வெளியே தெரியும்படி நிற்கும். ஒரு டிக். அடுத்த வீடு. இன்னொரு டிக்.

அறிக்கையைப் படித்த மிஸ்டர் ஹார்வி முதல் முறையாக என்னை உட்காரச் சொன்னார். தமிழர் வீடுகளில் நீல டின் நன்றாக ஊன்றிவிட்டது, ஆகவே தமிழ் விளம்பரத்துக்கு இனி அவசியம் இல்லை, அந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்பலாம் என்பது முடிவு. வெள்ளிக்கிழமை நீல டின் கம்பெனிப் பெரியவர் வருவார். கூட்டம் முடிந்ததும் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து. அதோடு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

அப்பா லயன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மதியம், விசாரித்த வீடுகளுக்கு நன்றியாகக் கம்பெனி காலண்டர் கொடுக்கப் போனேன். அப்போதுதான் பாக்கியம் அக்கா மோர் தாளித்தார்.

ஒரே வீட்டு டின்கள்

“அக்கா, அந்த டின்னுல…”

“கடுகு. ஏன் தம்பி, உங்களுக்குக் கடுகு ஆகாதா?”

“இல்லக்கா. சத்துமாவு எங்க?”

பாக்கியம் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“டின்ன காட்டுங்கன்னீங்க, காட்டினேன். உள்ள என்னன்னு நீங்க கேக்கலியே.”

“பிள்ளைங்க குடிக்கிறதா சொன்னீங்களேக்கா?”

“டை கட்டிக்கிட்டு எழுதுற பலகையோட வந்து, உன் பிள்ளைக்கு என்ன கொடுக்குறேன்னு கேட்டா என்ன சொல்லச் சொல்றீங்க? பால் இல்லாத வரக்கோப்பிதான்னு சொல்லவா? பிள்ளைக்கு ஒண்ணும் வாங்கிக் கொடுக்காதவன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. நான் சுகாதார ஆபிஸ்காரர்னுல்ல நினைச்சேன்.”

அக்கா டாங்லினில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிறவர். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்கள் குடித்துத் தீர்த்த டின்னைச் சமையல்காரர் குப்பையில் போடப் போகும்போது, பல வருஷமாக இவர் வாங்கி வந்துவிடுவார். ஸ்பூன் காம்பால் நெம்பித் திறக்கும் இறுக்கமான மூடி. எறும்பு நுழையாது. மழைக்காலத்தில் பருப்பில் ஈரம் ஏறாது. அதனால் தெருவில் எல்லாருக்கும் வேண்டும்.

“தெருவுல முக்காவாசி டின்னு நான் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெண்டு கொடுத்தேன். மாடியில மலருக்கு ஒண்ணு. போன தீவாளிக்கு அவ என் சேலைக்கு ஓரம் மடிச்சுத் தைச்சுக் கொடுத்தா, அதுக்குப் பதிலா. இன்னும் நாலு பேரு சொல்லி வெச்சிருக்காங்க. அந்தப் பிள்ளைங்க குடிச்சு முடிக்கணுமே!”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். டாங்லினில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் குடித்து முடித்ததை, நான் கெர்பாவ் ரோட்டுத் தமிழர்கள் கணக்கில் எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டு மாடம்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் மாடத்தின் முன்னால் நின்றேன். ராஜா ராணி படம் போட்ட பிஸ்கட் டின். நினைவு தெரிந்த நாளாக அங்கேதான் இருக்கிறது. தினமும் கை விட்டு அதிலிருந்து புளி எடுத்து அம்மாவிடம் கொடுத்து வளர்ந்தவன் நான்.

“அம்மா, இந்த பிஸ்கட்ட நாம எப்பம்மா தின்னோம்?”

“பிஸ்கட்டா? காய்ச்சலாடா உனக்கு? அது உங்கப்பா கூட்டுறப்ப கண்டெடுத்த டின்னு.”

இதைவிட வெட்கமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் அவருக்கு மன்னிப்பு உண்டு. காலி டின்னை எறியாத வீட்டில் பிறந்த நான், டின்னை எறிகிறவர்கள் ஊரில் எழுதிய புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வீட்டையே மறந்துவிட்டேன்.

அப்பா உள்ளே வந்தார். “வெள்ளிக்கிழமை கடுதாசி கொடுத்துருவாங்கல்ல? எங்க மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்.”

“பாக்கலாம்ப்பா,” என்றேன்.

மிஸ் லிம்மின் யோசனை

மறுநாள் காலையில் மிஸ் லிம்மிடம்தான் முதலில் சொன்னேன். அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் அவள். எங்களுக்குள் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேச்சு.

“சொல்லாதே லா!” என்றாள். “யார் போய் மூடியத் திறந்து பார்க்கப் போறாங்க? முதல்ல கடிதம் கைக்கு வரட்டும்.”

“தமிழ் விளம்பரமே வேண்டாம்னு முடிவு பண்ணப்போறாங்களே.”

“உனக்குத்தான் வேற நாற்காலி கொடுக்குறாங்களே. அப்புறம் என்ன?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “ஐயோ! எங்க வீட்டு நீல டின்ல அம்மா காய்ந்த இறால் வெச்சிருக்காங்க.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவள் மேஜை இழுப்பறையிலிருந்து அறிக்கைப் பிரதிகளை எடுத்து என் கையில் வைத்தாள். “போ, போய்ச் சொல்லு. நீ சொல்லலேன்னா இனிமே வீட்டுல இறாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும்.”

மிஸ்டர் ஹார்வி நான் சொல்லி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மூடியைத் திறந்தீர்கள்?”

“ஒன்றுகூட இல்லை, சார். திறந்து பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்று எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. அது என் கடிதம்தான் என்று தலைகீழாகவே படித்துவிட்டேன். அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“வியாழக்கிழமைவரை நேரம் இருக்கிறது. போய்த் திறந்து பாருங்கள்.”

டின் ஆபிசர்

டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இந்த முறை முதலிலேயே, நான் சர்க்கார் ஆள் இல்லை, நகராட்சி லயன் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டிலும் பிஸ்கட் டின்னில் புளிதான் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன பிறகு பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது.

தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. “ஏய் மலரு, டின் ஆபிசர் வந்துட்டாரு, மூடியத் திறந்து வை!” என்று கீழேயிருந்தே ஒருத்தர் குரல் கொடுத்தார். மாடிக்கு மாடி சிரிப்பு. உளுந்து, வெந்தயம், காய்ந்த மிளகாய், நெத்திலிக் கருவாடு, ஊசி நூல். ஓர் அம்மா மட்டும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, “இத மட்டும் திறக்கச் சொல்லாதீங்க தம்பி,” என்றார். திறக்கவில்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதற்குள் என்ன இருந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரே ஒரு வீட்டில் டின்னுக்குள் சத்துமாவு இருந்தது. பிள்ளை பெற்று இரண்டு வாரமான பெண். டாக்டர் சொன்னாராம், புருஷன் வாங்கி வந்திருக்கிறார். வேளைக்கு ஒரே ஸ்பூன் கரைத்துக் குடிக்கிறார், தீர்ந்துவிடக் கூடாதே என்று.

“மூத்தவனுக்குக் கொடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்?” என்றார் அவர், நான் ஏதோ நோய்வாய்ப்பட்ட மாதிரி என்னைப் பார்த்து.

அந்த ஒரு வரிக்காகவே அந்த வாரம் முழுக்க நான் பட்ட வெட்கம் தகும். நாங்கள் நீல டின்னைத் தினமும் குடிக்கும் பானமாக விற்றுக்கொண்டிருந்தோம். கெர்பாவ் ரோட்டில் அது மருந்து. உடம்பு நன்றாக இருக்கிறவன் அதைத் தொட மாட்டான்.

புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. அலமாரியைப் பார் என்று அது சொல்லியிருக்காவிட்டால் நான் அந்தச் சமையலறைகளுக்குள் போயிருக்கவே மாட்டேன். அது என்னைக் கதவுவரை கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் அதை எழுதிய அமெரிக்கப் பேராசிரியருக்கு வழி தெரியாது. அவர் கெர்பாவ் ரோட்டுக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து எந்தப் புத்தகம் படித்தாலும் நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் புத்தகம் சொன்னதை எழுதுகிறேன். வலது பக்கத்தைத் தெருவுக்குப் போய்விட்டு வந்துதான் எழுதுவது. நிறையப் பக்கங்களில் வலது பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது. படிக்க இன்னும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை

அப்பாவிடம் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். கடிதம் வராது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பொய்க் கணக்குக்குக் கெடைச்சிருந்தா அந்தக் கடுதாசிய நான் எங்க வெப்பேன்?” என்றார். மேஸ்திரியிடம் அவரே போய்ச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். கடிதம் அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார்கள். நீல டின் கம்பெனிப் பெரியவர் வெள்ளை மீசை வைத்த ஸ்காட்லாந்துக்காரர். மிஸ்டர் ஹார்வி சுற்றி வளைக்கவில்லை. “போன வார அறிக்கை தவறு. தவறைக் கண்டுபிடித்தவர் இவர். தவறைச் செய்தவரும் இவர்தான்,” என்று என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எழுந்து சொன்னேன். தெருவில் டின்கள் நிறைய. குடிப்பவர் ஒருவர். அவரும் பிள்ளை பெற்றவர் என்பதால் குடிக்கிறார். தமிழில் விளம்பரத்தை நிறுத்தக் கூடாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது.

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். சிரிப்பாரா, எழுந்து போய்விடுவாரா என்று தெரியவில்லை.

“அப்படியானால் என் டின்களில் என்னதான் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

அந்த மாடிக்கு நான் வந்து சேர்ந்ததிலிருந்து, அங்கே கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் வேறு யாருக்காவது தெரிந்திருக்கும், அல்லது ஏதாவது புத்தகத்தில் இருக்கும். இதற்குப் பதில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“கடுகு, சார்,” என்றேன். “உளுந்து. வெந்தயம். காய்ந்த மிளகாய். நெத்திலிக் கருவாடு…”

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேஜையிலிருந்த என் தப்பான அறிக்கையைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மெதுவாகச் சொல்லுங்கள், மிஸ்டர் மணியம்,” என்றார். “எழுதிக்கொள்கிறேன்.”